உப்புக்காற்றில் ஒரு வீடு: மண்டபம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஆணியும் பெயின்டும் வாங்க வருகிறவர்கள் வீட்டுக் கதையையும் சேர்த்தே சொல்வார்கள். தளம் உதிர்கிறது, கிணறு உப்பாகிவிட்டது, பக்கத்து வீட்டுக் கருவாடு மணக்கிறது, வந்திருக்கும் உறவினரை எங்கே சாப்பிட அழைத்துப் போவது என்று கேட்பார்கள். பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி, கீழக்கரை, தேவிபட்டினம் என்று எல்லாப் பக்கமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். வெளியூரிலிருந்து புதிதாகக் குடியேறுகிறவர்களை நினைத்துத்தான் முக்கியமாக எழுதினேன். இங்கே கட்டிடத்தின் கணக்கே வேறு. அது தெரியாமல் சேமிப்பு முழுவதையும் கொட்டிவிட்டுக் கண் கலங்கி நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வீடு கட்டி எட்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் தளத்தின் அடியில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஏன்?

உப்புதான் காரணம். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமென்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை உடைத்துவிடும். அதன் பிறகு துரு ஏறும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே இடமில்லாததால் கான்கிரீட்டை வெடிக்க வைத்துத் தள்ளும். நீங்கள் பார்க்கும் வெடிப்பு அதன் கடைசிக் கட்டம். உள்ளே வேலை பல வருஷத்துக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

உப்பு இரண்டு வழியில் வரும். ஒன்று காற்று. ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் பக்கம் இருக்கும் வீடுகளின் ஜன்னல் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் வடகடல் பக்கம் அதே கதை. மண்டபம் மாதிரி இரண்டு கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய ஊரில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு சுவர் உப்பு வாங்கிக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டாவது வழி நாமே உண்டாக்குவது. உப்புத் தண்ணீரில் கலவை போடுவது, கடற்கரை மணலைக் கலப்பது, கம்பியை மழையிலும் காற்றிலும் மாதக்கணக்கில் போட்டுவைத்து அப்படியே கட்டுவது. காற்றைத் தடுக்க முடியாது. இதைத் தடுக்கலாம்.

எங்கள் வீட்டு அடுப்படித் தளம் இப்படித்தான் போனது. ஒரு நாள் காலை, அம்மா சோறு வடித்துவிட்டு நகர்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு முழம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து அடுப்பு மேல் விழுந்தது. கட்டியபோது அவசரம். வண்டித் தண்ணீருக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரிலேயே கலவை போட மேஸ்திரி சொன்னார், நாங்களும் சரி என்றோம். அன்று மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு பிறகு செலவானது. அதற்கப்புறம்தான் இந்த விஷயங்களைத் தேடித் தேடிப் படித்தேன்.

அப்படியானால் கட்டும்போதே என்ன கேட்டு வாங்க வேண்டும்?

நான்கு விஷயம்.

முதலில் கவர். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பக்கத்துக்கும் இடையில் இருக்கும் கனத்தைத்தான் கவர் என்கிறோம். உள்நாட்டில் தளத்துக்கு 20 மில்லிமீட்டர் விடுவது வழக்கம். நம் நாட்டின் கான்கிரீட் விதிமுறையான ஐஎஸ் 456 (2000ஆம் ஆண்டுப் பதிப்பு) கடலோரச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது. கடல் நீர்ச் சிதறல் நேரடியாகப் படும் இடத்தில் 50. மதுரைப் பக்கம் வேலை பார்த்துப் பழகிய மேஸ்திரி கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை 20, 25 மில்லிமீட்டரிலேயே கொண்டு வருவார். அவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை, அவருக்குப் பழக்கம் அது. தளம் போடும் அன்று காலையில் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு மேலே ஏறி நீங்களே அளந்து பாருங்கள். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக் கூடத்தில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். நாக்கில் கரிக்கிற தண்ணீரைச் சோதிக்கவே வேண்டாம், தள்ளிவிடுங்கள். தளத்தை நனைக்கவும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். கலவைக்கு மட்டும் வண்டித் தண்ணீர் வாங்கிவிட்டு நனைப்பதற்கு உப்புக் கிணற்றைத் திறந்துவிடும் வீடுகள் நம் பக்கம் நிறைய.

மூன்றாவது சிமென்ட். நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட், இரும்பு ஆலைக் கசடு கலந்த பிஎஸ்சி சிமென்ட் இரண்டுமே குளோரைடு உள்ளே ஊடுருவுவதைக் குறைக்கும். இறுகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதனால் ஏழு நாளோடு நிறுத்தாமல் பத்து நாளாவது நனையுங்கள். விதிமுறை கடலோரத்துக்குக் குறைந்தது எம் 30 தரக் கான்கிரீட் கேட்கிறது. வழக்கமாகப் போடும் எம் 20 இங்கே போதாது.

நான்காவது மணல். கடற்கரை மணலை அள்ளுவது சட்டப்படி குற்றம், வீட்டுக்கும் கேடு. கழுவிவிட்டுப் போடலாமே என்பார்கள். யாரும் ஒழுங்காகக் கழுவி நான் பார்த்ததில்லை. பாறையை உடைத்துத் தயாரிக்கும் எம்-சாண்ட் போதும்.

பாம்பன் பழைய ரயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1914இல் திறந்தது. நூறு வருஷத்துக்கு மேல் பெயின்ட் அடித்து, துரு சுரண்டி, தகடு மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். அப்படியும் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். ரயில்வேக்கே இந்தக் காற்று அவ்வளவு வேலை வைக்கிறது.

பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசிவிட்டால் போதாதா?

போதாது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். துருப்பிடித்த கம்பியை மூடிப் பூசினால் இரண்டு மழைக்காலம் தாங்கும், அப்புறம் பழையதைவிடப் பெரிய துண்டாக விழும். கீழே குழந்தை படுத்திருக்கலாம்.

சரியான முறை இது. சுத்தியலால் தளம் முழுக்க லேசாகத் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடமெல்லாம் பெயர்ந்த இடம்தான், வெளியே தெரியாவிட்டாலும். அவ்வளவையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்குக் கொத்த வேண்டும். துரு இல்லாத கம்பி தெரியும் வரை நீளவாக்கில் போக வேண்டும். வொயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, துத்தநாகப் பிரைமர் அடிக்க வேண்டும். கம்பி ரொம்ப மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். அதன் மேல் பாலிமர் கலந்த கலவையை ஒரே அடியாக அப்பாமல் அடுக்கடுக்காக ஏற்றி நனைக்க வேண்டும்.

கடையில் பாலிமர் டப்பாவை வாங்கிக்கொண்டு, கொத்தாமலே பூசச் சொல்கிறவர்களுக்கு நான் விற்பதில்லை. மூன்று நான்கு இடத்துக்கு மேல் பெயர்ந்திருந்தாலோ, உத்தரத்திலும் தூணிலும் வெடிப்பு நீளவாக்கில் ஓடினாலோ, கொத்தனாரோடு நிற்காமல் ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்த அறைக்கு முட்டு கொடுத்து வையுங்கள்.

சுவரில் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப் பெயின்ட் உரிகிறது.

தரையிலிருந்து ஓதம், அதாவது ஈரம், ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, கூட வந்த உப்பு சுவரின் மேல் தங்குகிறது. மேலே வாட்டர் புரூப் பெயின்ட் அடித்தால் உப்பு உள்ளுக்குள்ளேயே சேர்ந்து பூச்சையே தள்ளிவிடும். காய்ந்த பிரஷ்ஷால் உப்பைத் துடைத்தெடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மறுபடி உள்ளே போகும். பூச்சு பொரிந்திருந்தால் ஓதம் ஏறிய உயரத்துக்கு மேல் ஒரு அடி வரை அதை உடைத்தெடுத்துவிட்டு, நன்றாகக் காயவிட்டுப் பிறகு பூசுங்கள். புது வீடாக இருந்தால் அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத் தடுப்புப் பட்டை போட்டார்களா என்று பாருங்கள்.

தாத்தா காலத்து வீடு. பவளக் கல்லும் சுண்ணாம்பும். சிமென்ட் பூசலாமா?

வேண்டாம். கீழக்கரையிலும் ராமேசுவரம் தீவிலும் இன்னும் இப்படிப்பட்ட வீடுகள் நிற்கின்றன. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடும், உள்ளே கல் இற்றுப்போகும். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த வயதான கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், விசாரித்தால் கிடைப்பார்கள். அவர்களோடு ஒரு இளைஞனையும் வேலைக்குச் சேர்த்துவிடுங்கள். அந்தக் கைவேலை அடுத்த தலைமுறைக்கும் வேண்டும்.

உடைந்த கல்லுக்குப் பதிலாகக் கடலிலிருந்து புதுக் கல் எடுக்க மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். பவளப் பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம் கரையைப் பேரலையிலிருந்து மறைத்து நிற்பதே அந்தப் பாறைகள்தான்.

கதவு, கொக்கி, ஸ்குரூ எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கிறதே, என்ன வாங்குவது?

கடலுக்கு எதிரே வீடு என்றால் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உள்ளே தள்ளி என்றால் 304 போதும். சாதாரண இரும்புக் கிரில் போட்டால் வருஷம் ஒரு முறை சுரண்டிப் பெயின்ட் அடிக்க மனதளவில் தயாராக இருங்கள். ஏசியின் வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். மாட்டிவிட்டால் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் மேலாகக் கழுவிவிடுங்கள்.

கிணறு உப்பாகிவிட்டது. ஆழமாக போர் போட்டால் நல்ல தண்ணீர் வருமா?

கடல் ஓரத்தில் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும். இதைப் புரிந்துகொண்டால் நிறையப் பணம் மிச்சம்.

நம் மணலுக்கடியில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நல்ல தண்ணீர் லேசு, கடல் தண்ணீர் கனம். கணக்கு என்னவென்றால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே இருக்கும் அந்த ஒரு அடியை மோட்டார் வைத்து உறிஞ்சிவிட்டால், கீழிருந்து உப்பு அதே விகிதத்தில் மேலேறத் தொடங்கும். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீரை அகப்பையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்களே, அது தித்திப்பாக இருப்பதன் ரகசியம் இதுதான். அவர்கள் மேலாக எடுக்கிறார்கள், ஊற ஊற எடுக்கிறார்கள்.

ஆகவே ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். சின்ன மோட்டார் போதும். காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம் என்று விட்டு விட்டு எடுங்கள். கூரைத் தண்ணீர் முழுவதையும் வடிகட்டிக் கிணற்றுப் பக்கமே இறக்குங்கள். தமிழ்நாட்டில் 2003இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் குழாய் மட்டும் இருக்கிறது, குழி தூர்ந்து கிடக்கிறது. புரட்டாசி முடிவதற்குள் தூர் வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிடைப்பதுதான் நமக்கு வருஷத்துத் தண்ணீர்.

கழிவுநீர்த் தொட்டி கிணற்றிலிருந்து குறைந்தது ஐம்பது அடியாவது தள்ளி இருக்கட்டும். மணல் எதையும் பிடித்து வைக்காது, நேரே விட்டுவிடும்.

ஒருவர் மட்டும் இப்படிச் செய்து பலனில்லை என்பது உண்மை. பக்கத்து வீட்டில் ஐந்து எச்பி மோட்டார் ஓடினால் உங்கள் கிணறும் உப்பாகும். அதனால்தான் தெருவாகப் பேச வேண்டும் என்று சொல்கிறேன். பாம்பன் பக்கம் ஒரு தெருவில் அப்படிப் பேசி, பெரிய மோட்டார்களை எடுத்துவிட்டார்கள். இரண்டு மழைக்குப் பிறகு தண்ணீர் தேறியது.

பக்கத்து வீட்டில் தெருக்குழாயில் மோட்டார் மாட்டி இழுக்கிறார்கள். எங்களுக்குச் சொட்டுதான் வருகிறது.

குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டுவது தவறு. உள்ளாட்சி அமைப்பு மோட்டாரைப் பறிமுதல் செய்யலாம், இணைப்பையும் துண்டிக்கலாம். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. குழாயில் அழுத்தம் குறைந்தால் விரிசல் வழியாகச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே ஏறும். அது இழுக்கிறவர் வீட்டுக் குழந்தைக்கும்தான் போகும். முதலில் அதைச் சொல்லிப் பாருங்கள், பல பேருக்குத் தெரியாது.

திருச்சிப் பக்கம் கொள்ளிடத்தில் எடுத்து இவ்வளவு தூரம் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர் அது. கடைக்கோடி ஊர்களில் இன்னமும் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு மைல் கணக்கில் தள்ளிப் போகிறார்கள். அதைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில், மோட்டார் போடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. பேசியும் கேட்காவிட்டால் ஊராட்சியில் எழுத்தாகக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டில் கருவாடு காயப்போடுகிறார்கள். நாற்றம் தாங்கவில்லை. புகார் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வேலை மாற்றலாகி வந்தவர்கள். கோபிக்காமல் கேளுங்கள். நீங்கள் வருவதற்குப் பல தலைமுறைக்கு முன்பிருந்தே அந்த மணலில் நெத்திலியும் சூடையும் காய்கிறது. அது அவர்கள் பிழைப்பு. பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கும் சிறு தொழில். அதை நிறுத்தச் சொல்லும் புகாருக்கு நான் துணை நிற்க மாட்டேன்.

ஆனால் நாற்றம் வேறு, மணம் வேறு. ஒழுங்காகக் கழுவி, போதிய உப்பிட்டு, தரையில் போடாமல் வலை கட்டிய பரணில் காயவைத்த கருவாடு மணக்குமே தவிர நாறாது. அழுகல் வாடை வந்தால் குடலும் செதிலும் எங்கோ கொட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். அதைப் பற்றிப் பேசுங்கள். "அக்கா, கழிவை மட்டும் குழி வெட்டி மூடிடுங்க, ஈ வருது" என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. பரணில் காய்ந்த சரக்குக்கு விலையும் கூடுதலாகக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடியிருப்பை ஒட்டி ஒரு பெரிய ஆலையிலிருந்தே வாடை வருகிறது என்றால் அது வேறு விஷயம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஊரே சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டும்.

திருவிழா ஒலிபெருக்கி ராத்திரி முழுக்க. வீட்டில் நோயாளி இருக்கிறார்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், பண்டிகைக்காக நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம். கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது அளவு.

ஆனால் கொடியேறிய பிறகு போய்ப் பேசாதீர்கள். ஒரு வாரம் முன்பே கமிட்டிக்காரர்களைப் பாருங்கள். நோயாளி இருக்கும் விவரத்தைச் சொல்லி, உங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் ஒரு ஸ்பீக்கர் குழாயை மட்டும் திருப்பி வைக்கக் கேளுங்கள். நம் ஊரில் இது நடக்கும். நடக்காவிட்டால் காவல் நிலையம் இருக்கிறது.

கொசு.

கடல் தண்ணீரில் வருவதல்ல இது, நாம் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில் வருவது. முட்டை கொசுவாக எட்டு பத்து நாள் போதும். தண்ணீர் தினம் வராத ஊர் என்பதால் வீட்டுக்கு வீடு சிமென்ட் தொட்டி, டிரம். வாரம் ஒரு நாள் காலி செய்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் காயவையுங்கள். மாடித் தொட்டியின் மூடியைக் கச்சான் தூக்கிப் போயிருக்கும், ஏறிப் பாருங்கள். கிணற்றுக்கு வலை போடுங்கள், கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் கிடைத்தால் விடுங்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பழைய வல்லத்தையும் (படகையும்) மறந்துவிடாதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். நாலு பேர் சேர்ந்து கவிழ்த்துப் போட்டால் முடிந்தது. காய்ச்சல் மூன்று நாளாக விடவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மலேரியா நம் கரைக்குப் புதிதல்ல.

பக்கத்து மனை முழுக்கச் சீமைக் கருவேலம். பாம்பு வருகிறது. உரிமையாளர் சென்னையில்.

வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்து மழைக்கு மழை தழைக்கும். வேரோடு பிடுங்க வேண்டும். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்ற உத்தரவிட்டபோது எத்தனையோ ஏக்கர் வெட்டினார்கள். வேரை விட்ட இடமெல்லாம் திரும்ப வளர்ந்துவிட்டது. உரிமையாளருக்கு நிலைமையைப் படம் பிடித்து அனுப்புங்கள். கரிமூட்டம் போடுகிறவர்களை அவரிடம் தொடர்புபடுத்திவிட்டால், விறகை எடுத்துக்கொண்டு செலவில்லாமலேயே சுத்தம் செய்து கொடுப்பார்கள். கையோடு தூரையும் எடுக்கும்படி பேசி முடியுங்கள்.

தெருநாய் கடித்துவிட்டது.

உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். எல்லாத் தவணையையும் போட்டு முடியுங்கள். இரண்டாவது ஊசியோடு நிறுத்துகிறவர்கள் அதிகம், அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. நாய்களை வேறு ஊரில் கொண்டு விடுவது தீர்வல்ல. 2023 விதிகளின்படி கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு அதே இடத்தில்தான் விட வேண்டும். நகராட்சியைக் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

விருந்தாளி வந்திருக்கிறார்கள். நல்ல மீன் சாப்பாடு எங்கே?

எங்கே என்பதைவிட என்றைக்கு என்று கேளுங்கள். ராமேசுவரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பும். எனவே செவ்வாய், வியாழன், ஞாயிறு மதியச் சாப்பாட்டில் மீன் புதுசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. அந்த நாளில் பெரிய மீன் பட்டியல் நீளமாக இருக்கும் கடையைக் கண்டால் ஐஸில் எத்தனை நாள் இருந்தது என்று யோசியுங்கள். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டு வரும் நகரை, முரல், காரல், கணவாய் அப்போதும் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

ராமேசுவரம் கோயிலைச் சுற்றி பெரும்பாலும் சைவ ஓட்டல்கள். மீனுக்கு கொஞ்சம் வெளியே வர வேண்டும். தங்கச்சிமடம், பாம்பன் சாலையோரத்தில் குடும்பமாக நடத்தும் சின்னக் கடைகள் உண்டு. கடைக்குப் பெயர்ப்பலகை சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பொரிக்கும் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள், பொரிப்பதற்கு முன் மீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, அமுக்கினால் சதை திரும்பி எழ வேண்டும். நண்டு என்றால் கையில் கனக்க வேண்டும். விலையையும் முன்பே கேட்டுவிடுங்கள். யாத்திரைக்கு வந்தவர்களிடம் சாப்பிட்ட பிறகு விலை சொல்லும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது நம் ஊருக்குக் கெட்ட பெயர். கெட்டுப்போன சாப்பாடு கொடுத்தால் பில்லை வைத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் செய்யுங்கள்.

வீட்டில் சமைப்பதாக இருந்தால் எளிமையான யோசனை ஒன்று. விளைமீன் குழம்புக்கு நம் முண்டு மிளகாயை வறுத்து அரையுங்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டாக, தோல் தடித்து, நிறமும் காரமும் அளவோடு இருக்கும். மறுநாள் பழங்குழம்புக்கு அதன் அருமை தெரியும்.

அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது கீழக்கரைத் தொதல் வாங்கிக் கொடுங்கள். தேங்காய்ப் பாலும் அரிசி மாவும் இனிப்பும் சேர்த்துக் கைவிடாமல் கிண்டிக் கிண்டி எடுப்பது. எண்ணெய் பிரிந்து பளபளப்பாக, கத்தியில் ஒட்டாமல் வெட்ட வர வேண்டும். சாயல்குடிப் பக்கம் போனால் கருப்பட்டி. உடைத்தால் உள்ளே சீனி மாதிரி மினுமினுத்தால் சந்தேகப்படுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கூரைத் தகடு. ஆணி அடித்த தகடு பறக்கும், கொக்கி போல்ட்டும் வாஷரும் போட்டது நிற்கும். ஐப்பசிக்கு முன்பே இறுக்கிவிடுங்கள், எச்சரிக்கை வந்த பிறகு ஏறாதீர்கள். குடிதண்ணீரை மூன்று நாளைக்குப் பிடித்து வையுங்கள். பத்திரம், குடும்ப அட்டை எல்லாம் பிளாஸ்டிக் உறையில். வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் தனுஷ்கோடியை அழித்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் நாம். அன்று ரயிலோடு கடலில் போனவர்களுக்கு எச்சரிக்கை சொல்ல ஆளில்லை. இன்று போனுக்கே வருகிறது.

யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதே தெரியவில்லை.

மின்சாரம் என்றால் மின்னகம், 94987 94987. அறுந்த கம்பி கிடந்தால் தொடாமல் முதலில் இதற்குப் பேசுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077. முதல்வர் உதவி மையம் 1100. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை 1554.

குப்பை, தெருவிளக்கு, குடிநீர் ஆகியவற்றுக்கு ராமேசுவரத்திலும் கீழக்கரையிலும் நகராட்சி, மண்டபத்திலும் தொண்டியிலும் பேரூராட்சி, பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம் போன்ற ஊர்களில் ஊராட்சி. ஊராட்சி என்றால் வருஷத்துக்கு ஆறு கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே எழுந்து பேசி, பேசியதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். பெண்கள் கட்டாயம் பேச வேண்டும், தண்ணீர்க் கஷ்டம் அவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். எதுவும் நகராவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் மனை மலிவாக வருகிறது. வாங்கலாமா?

உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் கட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு, சில இடத்தில் கட்டவே முடியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தச் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்று எழுத்தாக வாங்குங்கள். பக்கத்தில் இறால் பண்ணை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நாங்கள் புதிதாக வந்தவர்கள், வேறு மதம். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ரமலானில் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கொடுப்பார்கள். தூக்குவாளியோடு தெருப் பிள்ளைகள் எல்லாம் நிற்கும், அதில் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் பார்ப்பதில்லை. கஞ்சி ஊற்றும் காக்காவிடம் (அண்ணனிடம்) வீட்டில் எத்தனை பேர் என்று சொன்னால் அதற்கேற்ப ஊற்றுவார். வாளியை மூடியோடு கொண்டு போங்கள், சூடாக இருக்கும்.